கண்ணாடி, கொத்தனார், இன்னும் சில பெயர்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் நான்தான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

தோங்கா நாட்டில், நெயாஃபு என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்து எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது. பக்கத்து வீடு லெசியெலி. ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சந்தையில் தாழை ஓலைப் பையும் பாயும் பின்னி விற்கிறாள். தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு பேர் பாடவேண்டிய இடத்தை ஒருத்தியாக நிரப்பிவிடுவாள். (‘பருமனான பெண்’ என்று எழுதலாமா என்று தயங்கி அவளிடமே கேட்டேன். “ஒல்லின்னு மட்டும் எழுதிடாத. அப்புறம் ஊர்ல எவ மூஞ்சியிலயும் முழிக்க முடியாது” என்றாள். ஆகவே: பருமனான பெண்.)

ஆறு வருடமாக அவளுக்குக் கண் மங்கல். விரல் பழக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தாள். பள்ளி விடுமுறையில் நான் ஆக்லாந்து போனபோது அவள் கண்ணுக்கான அளவுச் சீட்டை எடுத்துப்போய், கண்ணாடி செய்து வாங்கிவந்தேன். ஆகஸ்ட் மாதம், புதன்கிழமை, முற்பகல் விமானம். அவளால் வீட்டில் காத்திருக்க முடியவில்லை. விமான நிலையத்துக்கே வந்து கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வேலிக்கு மேலாகவே கையை நீட்டி வாங்கி மாட்டிக்கொண்டாள்.

“ஐயோ” என்றாள். “அந்த மரத்துல தனித்தனியா இலை இருக்கு.”

அடுத்துத் தன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். “யாரு இப்படிக் கோணல்மாணலா பின்னினது?”

“நீதான்.”

அந்த நேரம் பார்த்து அவளுடைய கைபேசி அடித்தது. தம்பி பெனிசிமானிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்றாவது பிள்ளை. தாயும் சேயும் நலம்.

லெசியெலி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, விமான நிலையமே திரும்பிப் பார்க்கும்படி அறிவித்தாள்: “பேரு கெடச்சிருச்சு!”

2

இந்தக் கதையை நான் வேறு விதமாகவும் தொடங்கிப் பார்த்தேன்.

‘தோங்கா நாட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை அப்பாவின் அக்காவுக்கு—’ நிறுத்திவிட்டேன். பாடப்புத்தக வாசனை.

‘தெலேசியாவுக்கு இருபத்தாறு மணி நேரம் வலி எடுத்தது. அந்த நேரத்தில் அந்த அறையில்—’ இதுதான் சரியான தொடக்கம் என்று இப்போது தெரிகிறது. கதை நடந்துகொண்டிருந்தபோது தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை, ஏனென்றால் யாரும் அவளைக் கேட்கவில்லை. அதனால் அந்த வரியை அப்படியே அரைகுறையாக விட்டுவைக்கிறேன். பெனிசிமானியின் மனைவி தெலேசியா தானே வந்து முடிப்பாள்.

பாடப்புத்தக விஷயத்தையும் ஒரு மூச்சில் சொல்லிவிடவேண்டியதுதான். நம்மூரில் அத்தை மடியில் உட்காரவைத்துக் காது குத்துவோம். அத்தோடு அவள் வேலை முடிந்தது. இங்கே அத்தைதான் வீட்டுக்குத் தலை. அவள் வைப்பதுதான் பெயர். தம்பி எதிர்த்துப் பேசமாட்டான். எதிர்த்து என்ன, அக்கா இருக்கும் அறைக்குள் உட்காரவே மாட்டான்.

பெயர்கள் பெரும்பாலும் அன்றைக்கு நடந்த ஏதாவதொன்றைச் சொல்லும். பெனிசிமானியின் மூத்த மகள் பிறந்த அன்று லெசியெலியின் வீட்டுக்கு முதன்முதலாக மின்சாரம் வந்தது. மகளுக்குப் பெயர் உஹிலா. மின்னல் என்றும் சொல்லலாம், கரண்ட் என்றும் சொல்லலாம். அழகான பெயர், குறை சொல்ல முடியாது. இரண்டாவது பையன் பிறந்தபோது நெயாஃபுவில் சபை மாநாடு. லெசியெலி மேடையில் தனியாகப் பாடினாள். பையனுக்குப் பெயர் கோனிஃபெலெனிசி. அதாவது மாநாடு.*

இப்போது மூன்றாவது. மாத்தாசியோஆத்தா. மூக்குக்கண்ணாடி.

* சுருக்கமாகக் கோனி. நம் காதுக்கு அரிசி மூட்டை ஞாபகம் வரும். அவளிடம் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை என் பங்குக்கு ‘இளங்கோ’ என்று ஒரு பெயர் சொல்லிப் பார்த்தேன். லாங்கோ என்றால் இங்கே ஈ. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணாடியே நழுவிவிட்டது.

3

பெனிசிமானியை எழுதுவதுதான் சிரமம். திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச்செல்லும் படகில் இஞ்சின் பார்ப்பவன். நல்லவன். கதைக்கு உதவாத அளவுக்கு நல்லவன். மூன்று தடவை அவனுக்கு ஆவேசமான வசனம் எழுதினேன். ‘அக்கா! இது என் குழந்தை!’ என்று ஒரு வரைவில் கத்துகிறான். எழுதிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிஜப் பெனிசிமானி, அக்கா முற்றத்தில் நிற்கிறாளா என்று எட்டிப்பார்த்துவிட்டு, வேலி ஓரமாகக் குனிந்து போய்க்கொண்டிருந்தான். வரைவை அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே தெலேசியா சொல்லிவிட்டாள்:

“கண்ணாடி, சட்டி, பானைன்னு எம்புள்ளைக்குப் பேரு வெக்க விடமாட்டேன். நாளைக்கே பதிவு ஆபீசுக்குப் போ. மேசன்னு எழுதிக் குடு.”

“மேசனா?”

“போன்ல பார்த்தேன். நல்லா இருக்கு. சின்னதா இருக்கு. எவனும் சிரிக்க மாட்டான்.”

“அக்காகிட்ட ஒரு வார்த்தை…”

“நீ பேசுவியா?”

அவன் பேசமாட்டான். ஆகவே விண்ணப்பத்தோடு போனான். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற பெண்மணி லெசியெலியோடு பாடகர் குழுவில் பாடுபவள். அவனுடைய தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள். பெனிசிமானி வியர்த்துப்போய், தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டான். மனைவியிடம், “குடுத்தாச்சு” என்றான். வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அன்று சாயந்திரம் சட்டை தோய்க்கப்பட்டது. மேசன் நுரையோடு போய்விட்டான்.

ஆனால் அதற்குள் சந்தைக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

4

கேள்விப்பட்டபோது லெசியெலி குழந்தைக்கான பாயைப் பின்னிக்கொண்டிருந்தாள். புதுக் கண்ணாடியில் பழைய தப்பெல்லாம் தெரிந்ததால் பாதிப் பாயைப் பிரித்துப்போட்டு, மறுபடி ஆரம்பித்திருந்தாள். மெல்லிய ஓலை. விரல் நகத்தால் கீறிக் கீறி, நூல் மாதிரி ஆக்கி. செய்தி சொன்னவள் போனபிறகும் இரண்டு வரி பின்னினாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

நான் போனபோது சந்தையில் அவள் கடை மட்டும் மூடியிருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

“என்னைக் கேக்காம வெச்சுட்டாங்க” என்றாள்.

“கண்ணாடின்னா குழந்தைக்குக் கஷ்டம்னு நெனச்சிருப்பாங்க.”

“அந்தப் பேரு வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கடிச்சா வெச்சிருவேன்?” சற்று நேரம் ஓலையைத் தடவிக்கொண்டிருந்தாள். “நான் பேரு வெக்கறதுக்கு வேற யாரு இருக்கா சொல்லு. எனக்குன்னு ஒண்ணும் இல்ல. அந்த மூணு பேருதான் நான் இந்த ஊர்ல விட்டுட்டுப் போற பேரு.”

(இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அழவில்லை. ஒரு முழு அன்னாசிப் பழத்தை வெட்டினாள். எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை.)

சனிக்கிழமை காலையில், பாதிப் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினாள். மறுநாள் ஞாயிறு. தேவாலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம்.

5

அடுத்த காட்சியில் நான் இல்லை. லெசியெலியும் தெலேசியாவும் தனித்தனியாக எனக்குச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். எங்கே முரண்படுகிறார்களோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

தெலேசியா பாயில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வயது. எவுவா தீவுக்காரி. அவளுடைய அம்மா, தங்கைகள் எல்லாம் கடல் தாண்டி இருக்கிறார்கள். லெசியெலி கதவருகே நின்றாள்.

“கொத்தனாரு முழிச்சிருக்காரா?”

“யாரு?”

“உம்புள்ளை. மேசன்னா கொத்தனார்தானே? எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்.”

“மெதுவா பேசுங்க அண்ணி. இப்பத்தான் கண்ணசர்றான்.”

“கொத்தனார்னு வெக்கலாம், கண்ணாடின்னு வெக்கக் கூடாதோ?”

“கண்ணாடின்னு வெச்சா பள்ளிக்கூடத்துல ஒடச்சிருவாங்க அண்ணி.”

லெசியெலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்தவளுக்குச் சிரிப்பு வந்தால் கோபம் இரண்டு மடங்காகும். பாயைத் தொப்பென்று கீழே போட்டாள்.

“அப்போ நான் வெச்ச பேரெல்லாம் கேவலமா?”

“போன வருசம் எந்தங்கச்சியப் பாக்க நியூசிலாந்து போனோமே. ஏர்போர்ட்ல ஆபீசர் கோனியப் பாத்து உம்பேரு என்னன்னு கேட்டாரு. இவன் நெஞ்ச நிமுத்திக்கிட்டு, மாநாடுங்கறான். எந்த மாநாட்டுக்கு வந்திருக்கீங்கன்னு ஒரு மணி நேரம் நிக்க வெச்சிட்டாங்க.”

“மாநாட்டுக்கு என்ன கொறச்சல்? அன்னைக்கு நான் பாடினப்போ அத்தனை சனமும் எந்திரிச்சு நின்னுச்சு!”

“அதத்தான் அண்ணி சொல்றேன். அது உங்க நாளு.” தெலேசியா குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. “உஹிலா பொறந்தப்போ உங்க வீட்டுக்குக் கரண்டு வந்துச்சு. கோனி பொறந்தப்போ நீங்க பாடினீங்க. இவன் பொறந்தப்போ உங்களுக்குக் கண்ணாடி வந்துச்சு. மூணையும் பெத்தவ நான். அந்த ரூம்புக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவையாவது யாராச்சும் கேட்டீங்களா?”

இந்த இடத்தில்தான் இருவர் சொல்வதும் ஒத்துவரவில்லை. உடனே பதில் சொல்லிவிட்டதாக லெசியெலி சொல்கிறாள். குழந்தை அந்தப் பக்கத்துப் பாலை முழுக்கக் குடித்து முடிக்கும்வரை அண்ணி வாயே திறக்கவில்லை என்று தெலேசியா சொல்கிறாள். நான் தெலேசியாவை நம்புகிறேன்.

லெசியெலி மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

“நான் அன்னைக்கு ஏர்போர்ட்டுக்குப் போயிட்டேன்” என்றாள்.

“தெரியும்.”

“தம்பி கடல்ல இருந்தான்.”

“தெரியும் அண்ணி.”

“அப்போ கூட யாரு இருந்தா?”

6

இப்போது அந்த அரைகுறை வரியை முடிக்கலாம்.

தெலேசியாவுக்கு இருபத்தாறு மணி நேரம் வலி எடுத்தது. அந்த நேரத்தில் அந்த அறையில், இரண்டு கட்டிலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு நர்ஸ் இருந்தாள். புதன்கிழமை காலை அவள் சாப்பிட நேரமில்லாமல் ஜன்னலோரம் நின்று ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்தாள். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரத்தைத் தாண்டினேன் என்றாள் தெலேசியா. அப்புறம் நர்ஸை அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே மழை. ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே, ஒரு ஆள் ஏணியில் நின்று சட்டத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். தெலேசியா கத்தியதும் பதறிப்போய் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். இறங்கப் பார்த்தான்.

“போகாதீங்க!” என்று இவள் கத்தியிருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவனின் முதுகைப் பார்த்து.

அவன் போகவில்லை. திரும்பவும் இல்லை. மழையைப் பார்த்தபடியே ஏணியில் நின்றான். ஒவ்வொரு தடவை வலி வரும்போதும், “தலி, தங்கச்சி… தலி…” என்றான். பொறு, தங்கச்சி, பொறு. நடுநடுவே வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு. அவன் சட்டையில் வலது தோளுக்குக் கீழே ஒரு ஓட்டை. இரண்டு மணி நேரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நர்ஸ் ஓடிவந்தாள், குழந்தை வந்தது, அழுதது. வெளியே பிரஷ் கீழே விழுந்த சத்தம் கேட்டது. “அப்பாடா, நன்றி” என்றது முதுகு. பிறகு ஏணி காலியாக இருந்தது.

“யாரு அவன்?” என்றாள் லெசியெலி.

“தெரியாது. மூஞ்சியவே பாக்கல.”

லெசியெலி குழந்தையைக் கையில் வாங்கினாள். உள்ளே வந்ததிலிருந்து குழந்தையின் முகத்தை அவள் பார்க்கவில்லை; சண்டைக்கு வந்ததால் பார்க்கக் கூடாது என்று வைராக்கியம். மடியில் கிடத்திக்கொண்டு, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். புருவமே இல்லாத முகம். நெற்றியில் மூன்று மடிப்பு.

“எங்க அப்பாரு மாதிரியே மொறைக்கிறான்” என்றாள். பிறகு, “சரி. பேரு வெக்கற உரிமைய நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். அது என்னோடது. ஆனா நாளு உன்னோடது. வா, ஒவ்வொண்ணா பாப்போம்.”

7

பெயர் என்பது எழுதுவதற்கு அல்ல, கூப்பிடுவதற்கு என்பது லெசியெலியின் கட்சி. ஆகவே இருவரும் பின்வாசலுக்குப் போனார்கள். பிள்ளையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுபோல, அவள் தன் முழுக் குரலில் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர்கள் வீடும் என் வேலிக்கு அந்தப் பக்கம்தான்; இதிலிருந்து நானும் சாட்சி. தெருவே சாட்சி.

“உஹா…!”

உஹா என்றால் மழை. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து கொடியிலிருந்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“மோலி…!”

மோலி என்றால் ஆரஞ்சு. “எத்தனை வேணும்?” என்று மரத்துப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

“புலேலுலு…!”

அது புதன்கிழமை. “இன்னைக்குச் சனிக்கிழமை, லெசியெலி! வெயில் ஏறிடுச்சா தலைக்கு?”

“வலி…!”

இங்கே வலி என்றால் பெயிண்ட். நான் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, யாருக்கு என்ன ஆச்சோ என்று வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினேன். என் மொழியில் அது என்ன என்று மூச்சு வாங்கச் சொன்னேன். லெசியெலியும் தெலேசியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள் தெலேசியா.

அடுத்தது, “தலி…!” பொறு. அதே சொல்லுக்குப் பதில் சொல் என்றும் ஒரு பொருள் உண்டு.

அக்காவின் குரல் கேட்டு, வந்த வழியே நழுவிக்கொண்டிருந்த பெனிசிமானி, முற்றத்து நடுவில் அப்படியே நின்றுவிட்டான்.

“கூப்பிட்டா நிப்பான், வரமாட்டான்” என்று தெலேசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அண்ணி, சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது.”

பெனிசிமானி சுவர் மறைவுவரை வந்து, அக்கா எதிரே வராமல் நின்றான். “அக்கா.”

“என்னடா?”

“அந்தப் பேப்பர நான் குடுக்கவேயில்ல.”

“என்னது?” என்றாள் தெலேசியா.

“சட்டையோட போயிருச்சு. எனக்கும் மேசன் பிடிக்கல.”

“இத என்கிட்டயே சொல்றதுக்கென்ன?” என்று கேட்டாள் தெலேசியா.

“நீயும் கோவமா இருந்த.”

அவனைக் கதைக்கு உதவாதவன் என்று எழுதியதற்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே நாளில் இரண்டு உண்மை சொன்னான். அவனுக்கு அது அதிகம்.

8

முடிவுகள். எனக்கு மூன்று கைவசம் இருந்தன.

ஒன்று: லெசியெலி கடைசி நொடியில் மனம் மாறித் தேவாலயத்தில் ‘கண்ணாடி’ என்றே அறிவித்துவிடுகிறாள். எழுத ஆசையாகத்தான் இருந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

இரண்டு: பெயிண்ட் அடித்தவன் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறான். அதே ஓட்டைச் சட்டை. தெலேசியா முதுகைப் பார்த்தே அடையாளம்— இதை முழுப் பக்கம் எழுதினேன், நானே அழுதேன். ஆனால் அவன் வரவில்லை. விசாரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் எல்லாரும் வேறு தீவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், வெள்ளிக்கிழமைக் கப்பலில் போய்விட்டார்கள். தான் நின்ற இரண்டு மணி நேரம் ஒருத்திக்கு என்னவாக இருந்தது என்று அவனுக்குத் தெரியவே போவதில்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது.

9

ஞாயிற்றுக்கிழமை. இங்கத்திய வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு ஊரே வந்திருந்தது. உமு என்ற மண்குழி அடுப்பில் புதைத்த சாப்பாடு வீடுகளில் வெந்துகொண்டிருந்தது. அதனால் பிரசங்கம் சீக்கிரம் முடியவேண்டும் என்ற பொது எண்ணம் காற்றில் இருந்தது. சரியாகப் பெயர் சொல்லும் நேரத்தில் குழந்தை வீறிட்டான். தெலேசியா தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

“அத்தை பெயரைச் சொல்லட்டும். குழந்தை வந்தவுடன் தண்ணீர் தெளித்துவிடலாம்” என்றார் போதகர்.

லெசியெலி எழுந்தாள். “அவ வரட்டும்.”

“பெயர் சொல்வது நீங்கள்தானே?”

“நான்தான். அவ இல்லாம சொல்ல மாட்டேன்.”

இதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கிசுகிசு எழுந்தது. பாடகர் குழு ஒரு பாட்டுப் பாடியது. தெலேசியா வரவில்லை. இன்னொன்று. மூன்றாவது பாட்டில் வயதானவர்கள் சிலர் தூங்கிவிட்டார்கள். ஆண்கள் பக்கம் பெனிசிமானி, தலை குனிந்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்காவது பாட்டின் நடுவில், ஜாக்கெட் முன்புறம் நனைந்திருக்க, தெலேசியா திரும்பி வந்தாள். நூற்றைம்பது பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டு திடுக்கிட்டு நின்றாள்.

லெசியெலி அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி அறையை ஊருக்குச் சொன்னாள். ஆரஞ்சை, மழையை, ஏணியை, ஓட்டைச் சட்டையை. கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அதன்பிறகு அவள் பெயரைச் சொன்னாள்.

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். தெளிவாகக் கேட்டேன். ஆனால் எழுதப்போவதில்லை. இந்தக் கதையை எழுத அனுமதி கேட்டபோது லெசியெலி போட்ட நிபந்தனை அது:

“எழுதிக்கோ. பேரை மட்டும் எழுதாத. அவன் வாயால அவன் பேரைச் சொல்றத மொதல்ல நாங்க ரெண்டு பேரும் கேக்கணும். அதுக்கு முன்னாடி உங்க ஊர்ல ஆயிரம் பேரு படிச்சுட்டுச் சொல்லக் கூடாது.”

(ஆயிரம் பேர் படிப்பார்கள் என்று நம்பும் ஒரே ஆள் அவள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வரவில்லை.)

ஆகவே, பெயரை நீங்கள் வையுங்கள். மேலே சொன்னவற்றில் ஒன்றாக இருக்கலாம். அந்த அறையில் நீங்கள் கவனித்த, நான் கவனிக்காமல் விட்ட வேறொன்றாகவும் இருக்கலாம். எதை வைத்தாலும் சரி. ஆனால் ஏழெட்டு வயதில் ஒருநாள், பள்ளிவிட்டு வந்து, புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல், “எனக்கு ஏன் இந்தப் பேரு வெச்சீங்க?” என்று வந்து நிற்பான். அப்போது அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டு, அவள் வந்து உட்காரும்வரை காத்திருந்து, அவளையே சொல்லச் சொல்லுங்கள்.